16 ஜிபியோடு 32 ஜிபி ராம் சேர்த்த பிறகு ப்ளூ ஸ்கிரீன், ஜிப் எரர்: போர்டா, ராமா?

எடிட்டர்_ஆற்காடு:

வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு வீட்டில் ஓடுற கம்ப்யூட்டர். ரைசன் 5 3600, நாலு ராம் ஸ்லாட் இருக்கிற பி450 போர்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் 11. முன்னாடி 8 ஜிபி ஸ்டிக் ரெண்டு இருந்தது. டிடிஆர்4 3200, சிஎல்16 (டேட்டா கேட்டதுக்கும் வர்றதுக்கும் நடுவுல 16 கிளாக் காத்திருப்பு), ஒரே பெட்டியில் ஜோடியா வந்தது. எக்ஸ்எம்பி (ஸ்டிக்லயே எழுதி வெச்சிருக்கிற வேக செட்டிங்) போட்டு 3200-லேயே எந்தத் தொந்தரவும் இல்லாம ஓடிச்சு.

இப்போ 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு, தனித்தனி பாக்கெட்ல வந்தது, காலியா இருந்த ரெண்டு ஸ்லாட்ல போட்டிருக்கு. இதுவும் 3200-னுதான் லேபிள். பயாஸ்ல 48 ஜிபி காட்டுது, டாஸ்க் மேனேஜர்லயும் 48, வேகம் 3200. சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. ரெண்டர் போட்டா ப்ளூ ஸ்கிரீன். ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, இன்னொரு தடவை பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, அப்புறம் ஐஆர்க்யூஎல்னு வேற ஒண்ணு. பெரிய ஜிப் ஃபைலைப் பிரிச்சா சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்குங்கிற செய்தி), அதே ஜிப்பை உடனே திரும்பப் பிரிச்சா சரியா வருது. பிரவுசர் டேப் தானா செத்துப்போகுது.

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டினா பிரச்சினை எதுவும் இல்லைங்குது. கடையில கேட்டா போர்டு போச்சுங்கிறாங்க. போர்டை மாத்தணுமா, ராமைத் திருப்பித் தரணுமா, இல்ல விண்டோஸை ஒரு தடவை புதுசா போட்டுப் பார்க்கலாமா?

கோட்டை_ஹார்டுவேர்:

விண்டோஸை மட்டும் இப்போது தொடவே தொடாதீர்கள். ராம் தப்பு செய்துகொண்டிருக்கும்போது இன்ஸ்டால் செய்தால், பென் டிரைவிலிருந்து வரும் சிஸ்டம் ஃபைல்கள் கெட்டுப்போய் எஸ்எஸ்டியில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ராமைச் சரிசெய்தாலும் ப்ளூ ஸ்கிரீன் நிற்காது, எது காரணம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. பயாஸ் அப்டேட்டும் இந்த நிலையில் கூடாது. அப்டேட் ஃபைல் முதலில் ராமுக்கு வந்துதான் சிப்பில் எழுதப்படுகிறது. நடுவில் ஒரு பிட் புரண்டால் போர்டே எழுந்திருக்காது.

நீங்கள் எழுதியதில் ஜிப் விஷயம்தான் நல்ல தடயம். ஒரே ஃபைல் ஒரு முறை எரர் தந்து அடுத்த முறை சரியாகப் பிரிகிறது என்றால், டிஸ்கில் இருக்கும் ஃபைல் நல்ல ஃபைல். படித்து ராமில் வைத்த பிறகுதான் கெட்டிருக்கிறது. ப்ளூ ஸ்கிரீன் பெயர் ஒவ்வொரு முறையும் மாறுவதும் அதையே சொல்கிறது. டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயரும் ஒரே டிரைவர் ஃபைலும்தான் திரும்பத் திரும்ப வரும்.

இன்று செய்ய வேண்டியது: பயாஸில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்யுங்கள். சில ஏஎம்டி போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி, சிலதில் ஏ-எக்ஸ்எம்பி. ஆஃப் செய்ததும் நான்கு ஸ்டிக்குக்கும் பொதுவான வேகத்துக்கு, அதாவது 2133, 2400, 2666 என்று ஏதோ ஒன்றுக்கு போர்டு தானாக இறங்கும். அதற்குப் பிறகுதான் புராஜெக்ட் ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்குக்கு நகல் எடுங்கள். கல்யாண வீட்டாரின் காட்சிகள் இருக்கும் கேமரா கார்டுகளை இந்த வேலை முடியும்வரை ஃபார்மெட் செய்ய வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கம்ப்யூட்டர் எடுத்த நகலை இப்போதைக்கு நம்ப முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், லேபிளில் இருக்கும் 3200 அந்த ஸ்டிக் ஓடக்கூடிய வேகம். நான்கு ஸ்டிக் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும் என்று ஸ்டிக் செய்தவரும் சொல்லவில்லை, பிராசஸர் செய்தவரும் சொல்லவில்லை. ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்கே இதுதான்: இரண்டு ஸ்டிக் என்றால் 3200, சிங்கிள் ரேங்க் ஸ்டிக் (ஒரே சிப் தொகுதி கொண்டது) நான்கு என்றால் 2933, டூயல் ரேங்க் (இரண்டு தொகுதி) நான்கு என்றால் 2667. அதற்கு மேல் ஓடினால் உங்கள் நல்ல நேரம், ஓடாவிட்டால் போர்டு போச்சு என்று அர்த்தம் இல்லை. ராம் கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சேனலிலும் ஸ்டிக் கூடக் கூட அது ஓட்ட வேண்டிய மின்சுமை கூடுகிறது, சிக்னல் மங்குகிறது.

விண்டோஸ் டயக்னாஸ்டிக் ஒன்றும் இல்லை என்று சொன்னதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வழக்கமாக ஓடும் ஸ்டாண்டர்ட் சோதனை மேலோட்டமானது. எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் எடுத்தால் கொஞ்சம் தேவலை. அதைவிட மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ் இரண்டில் ஒன்றை பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். முதலாவதின் இலவசப் பதிப்பு நான்கு பாஸ்வரை, அதாவது நான்கு சுற்றுவரை போகும். 48 ஜிபிக்கு நான்கும் முடிய ஒரு இரவு போய்விடும். அதில் முதல் பாஸ் சுருக்கமானது, அது சுத்தமாக வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. செக்யூர் பூட்டை மாற்ற வேண்டி வந்தால் முன்கூட்டியே பிட்லாக்கர் ரெக்கவரி கீயைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலே டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். பழைய ஜோடி மட்டும், எக்ஸ்எம்பி ஆன். பிறகு புதிய ஜோடி மட்டும், அதன் சொந்த வேகத்தில். பிறகு நான்கும், எக்ஸ்எம்பி ஆஃப். கடைசியாக நான்கும், எக்ஸ்எம்பி ஆன். ஜோடியாகப் போடும்போது பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட், போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். எரர் வந்தால் திரையைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். எந்த விலாசத்தில், எந்த பிட்டில் வந்தது என்பது எனக்கு வேண்டும். ஒரே விலாசம், ஒரே பிட் என்றால் அந்த ஸ்டிக்கின் சிப் போயிருக்கிறது. விலாசம் தாறுமாறாக மாறினால் டைமிங், வோல்டேஜ், சூடு இவற்றில் ஒன்று.

குடியாத்தம்_சர்வீஸ்:

சார் சொன்னது சரி. கழட்டி மாட்டுற விஷயத்துல ரெண்டு மூணு சொல்லிடுறேன், பாதி கேஸ் அங்கதான் முடியுது.

பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க, எஸ்எம்பிஎஸ்ல மிச்சம் இருக்கிறது இறங்கிடும். கேபினெட் இரும்பைத் தொட்டுட்டு ஸ்டிக்கைத் தொடுங்க. ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கணும், தங்க நிறத்துல இருக்கிற பின் மேல விரல் படக் கூடாது. பி450 போர்டு நிறையவற்றுல ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் அசையும், இன்னொரு பக்கம் அசையாது. எல்லாரும் கிளிப் டக்குனு விழுந்ததும் விட்டுடுறாங்க. அசையாத பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டு நிக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும், முழு ஜிபியும் காட்டும், லோடு வந்ததும் எரர் வரும். போர்டுக்கு இணையா கண்ணை வெச்சு, ரெண்டு முனையிலயும் தங்கப் பின் ஒரே அளவு உள்ள போயிருக்கானு டார்ச் அடிச்சுப் பாருங்க.

பழைய ஸ்டிக்கை சுத்தம் பண்ண பென்சில் ரப்பர் வெச்சுத் தேய்க்கிறது நம்ம பக்கம் பழக்கம். வேற வழி இல்லைன்னா லேசா, ஒரு தடவை. அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, திரும்பத் திரும்பத் தேய்ச்சா உள்ள இருக்கிற உலோகம் வெளிய வந்து அப்புறம் களிம்பு பிடிக்கும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள்ள விழுந்தா அது தனித் தலைவலி. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில தொட்டுத் துடைச்சா போதும். ஸ்லாட்டை வாயால ஊதாதீங்க, எச்சில் போகும். பெயின்ட் பிரஷ்ஷும் புளோயரும் போதும்.

கூலரை கழட்ட வேண்டாம். ஏஎம்4-ல பின் பிராசஸர்லதான் இருக்கு. பேஸ்ட் காய்ஞ்சிருந்தா கூலரைத் தூக்கும்போது பிராசஸரும் கூடவே பிச்சுக்கிட்டு வரும், பின் வளையும். ஒரு நல்ல ஸ்டிக்கை நாலு ஸ்லாட்லயும் மாத்தி மாத்திப் போட்டு ஓட்டுங்க. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரே ஸ்லாட்ல எரர் வந்தாத்தான் ஸ்லாட் பக்கமும் பிராசஸர் பின் பக்கமும் போகணும். அப்போ மட்டும், கூலரைக் கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் லோடு கொடுத்து சூடாக்கி, ஆஃப் பண்ணி, லேசா இடம் வலமா திருகிக் கழட்டுங்க.

கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குதானும் பாருங்க. இழுத்தா எர்த் இல்லைன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கசியிறது போக வழி இல்லாம பாடியில நிக்குது. கோடையில வேலூர் பக்கம் எர்த் குழி காய்ஞ்சு கெட்டியாயிடுது, தண்ணி ஊத்தினாலே பல வீட்டுல சரியாகுது. ராம் எரருக்கு நேரடியா இது காரணம்னு நான் சொல்லல. ஆனா அந்த நிலையில எச்டிஎம்ஐ, யூஎஸ்பி கேபிளைச் சொருகுறது போர்டுக்கு ஆகாது.

எடிட்டர்_ஆற்காடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஸ்டிக் எல்லாம் ஒழுங்காத்தான் உட்கார்ந்திருக்கு. பின்னைத் துடைச்சுட்டு ஓட்டிப் பார்த்த முடிவு:

பழைய ஜோடி மட்டும், எக்ஸ்எம்பி 3200: எரர் இல்லை. புது ஜோடி மட்டும், பயாஸ் ஆட்டோ, 3200: எரர் இல்லை. நாலும், எக்ஸ்எம்பி ஆஃப், தானா 2400: எரர் இல்லை. நாலும், எக்ஸ்எம்பி ஆன், 3200: முதல் பாஸ் முடியறதுக்குள்ளயே எரர் குவியுது, விலாசம் எல்லாம் வேற வேற. நல்ல ஸ்டிக்கை நாலு ஸ்லாட்ல மாத்திப் போட்டதுலயும் ஒண்ணும் இல்லை.

சிபியூ-இசட்ல எஸ்பிடி (ஸ்டிக்ல எழுதியிருக்கிற அதோட விவரம்) பக்கம் பார்த்தேன். பழசு 8 ஜிபி, சிங்கிள் ரேங்க், எக்ஸ்எம்பி 3200-ல 16-18-18-38, 1.35 வோல்ட். புதுசு 16 ஜிபி, அதுவும் சிங்கிள் ரேங்க், எக்ஸ்எம்பி பத்தியே இல்லை, ஜெடெக் (ராமுக்கான பொதுத் தரநிலை) 3200-ல 22-22-22-52, 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி ஆன் பண்ணி விண்டோஸ் வந்தப்போ ஜென்டைமிங்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல நாலுக்கும் சேர்த்து 16-18-18-38, டிஆர்எஃப்சி 560-னு காட்டுச்சு.

இதுல எதாவது புரியுதா? நாலையும் வெச்சுக்கிட்டு 3200 கொண்டுவர முடியுமா?

டைமிங்_வாலாஜா:

காரணம் நீங்கள் எழுதிய கடைசி வரியிலேயே இருக்கிறது. போர்டு நான்கு ஸ்டிக்குக்கும் ஒரே டைமிங்தான் கொடுக்கும். எக்ஸ்எம்பி ஆன் செய்ததும் பழைய ஜோடியில் எழுதியிருக்கும் புரொஃபைலை எடுத்து, அந்தப் புரொஃபைலே இல்லாத புதிய ஜோடியின் மீதும் போட்டுவிட்டது. புதிய ஸ்டிக் சிஎல்22 என்று விற்கப்பட்டது. அதைச் சிஎல்16-இல் ஓடச் சொன்னால் எரர் வரத்தான் செய்யும். ஸ்டிக் மேல் குற்றம் இல்லை, போர்டு மேலும் இல்லை.

எண்ணாகப் பார்த்தால் தெளிவாகும். 3200 என்பது 1600 மெகாஹெர்ட்ஸ் கிளாக், ஒரு கிளாக் 0.625 நானோ நொடி. சிஎல்16 என்றால் 10 நானோ நொடியில் தரவு வர வேண்டும். சிஎல்22 என்றால் 13.75 நானோ நொடி. கேட்டதற்கும் கொடுக்க முடிந்ததற்கும் மூன்றே முக்கால் நானோ நொடி வித்தியாசம்.

சிஎல் எல்லார் கண்ணிலும் படும். படாதது டிஆர்எஃப்சி, என் கணிப்பில் உங்கள் கம்ப்யூட்டரில் அதுதான் பெரிய குற்றவாளி. டிராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம். அது தானாகக் கசிந்துவிடும் என்பதால் சராசரியாக 7.8 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை ரிஃப்ரெஷ் கட்டளை போகிறது. அந்த ரிஃப்ரெஷ் முடிய எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் டிஆர்எஃப்சி. சிப்பின் கொள்ளளவு கூடினால் இந்த நேரமும் கூடும். ஜெடெக் கணக்கில் 8 ஜிகாபிட் சிப்புக்கு 350 நானோ நொடி, 16 ஜிகாபிட் சிப்புக்கு 550. உங்கள் பழைய 8 ஜிபி ஸ்டிக் சிங்கிள் ரேங்க், ஆக எட்டு சிப்பும் 8 ஜிகாபிட். புதிய 16 ஜிபியும் சிங்கிள் ரேங்க், ஆக ஒவ்வொரு சிப்பும் 16 ஜிகாபிட். 350 நானோ நொடி 3200-இல் 560 கிளாக், நீங்கள் பார்த்த அதே எண். புதிய சிப்புக்கு வேண்டியது 880. ரிஃப்ரெஷ் முடிவதற்குள் கன்ட்ரோலர் அடுத்த கட்டளையைத் தந்துவிடுகிறது. எரர் விலாசம் சிதறி வந்ததும் இதோடு ஒத்துப்போகிறது.

நான்கையும் வைத்து 3200 வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 2933-இல் நிறுத்துங்கள். கையால் போட வேண்டியவை: முதலில் பயாஸில் லோட் டிஃபால்ட்ஸ் கொடுத்து பழைய எண் எதுவும் மிச்சம் இல்லாமல் செய்யுங்கள். எக்ஸ்எம்பி ஆஃப். மெமரி வேகம் 2933, எஃப்கிளாக் (பிராசஸரின் உள் இணைப்பு ஓடும் வேகம்) 1467, அதாவது ராம் கிளாக்குக்குச் சமம். டைமிங் 22-22-22-52, டிஆர்சி 74. டிஆர்எஃப்சி 808, 2933-இல் ஒரு கிளாக் 0.682 நானோ நொடி, 550-க்கு 807 வருகிறது, ஒன்று கூட்டி 808. கியர் டவுன் மோடு (ராமுக்குக் கட்டளைகளை நிதானமாக அனுப்பும் முறை) எனேபிள். அது எனேபிளில் இருக்கும்போது ஒற்றைப்படை சிஎல் போட்டாலும் போர்டு அடுத்த இரட்டைப்படைக்குத் தள்ளிவிடும், அதனால்தான் 21 சொல்லாமல் 22 சொன்னேன். கியர் டவுன் இல்லாத பயாஸ் என்றால் கமாண்ட் ரேட் 2டி.

வோல்டேஜில் பொறுமை வேண்டும். ராம் வோல்டேஜ் 1.25-இல் தொடங்குங்கள். எரர் வந்தால் 1.30, அதற்கும் வந்தால் 1.35. பழைய ஜோடிக்கு 1.35 அதன் சொந்த அளவு. புதியதற்கு 1.2 என்று எழுதியிருப்பதால் தேவை இல்லாமல் ஏற்றக் கூடாது. எஸ்ஓசி (பிராசஸருக்குள் ராம் கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) வோல்டேஜ் 1.05, அதிகபட்சம் 1.1. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பூட் ஆகாமல் மூன்று முறை ஆன் ஆஃப் ஆகி நின்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான போர்டு தானாக டிஃபால்டுக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் பிளக்கை எடுத்துவிட்டு கிளியர் சிமோஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவரால் பத்து நொடி சேர்த்துப் பிடியுங்கள். பின் கிடைக்காவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

ஸ்லாட்டும் முக்கியம். இந்த வகை போர்டுகளில் பெரும்பாலும் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதுக்குப் போகும். 16 ஜிபி ஜோடியை ஏ2, பி2-இலும், 8 ஜிபி ஜோடியை ஏ1, பி1-இலும் வையுங்கள். இரண்டு சேனலிலும் 24, 24 என்று சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 32, மறுபக்கம் 16 என்று போட்டால் எரர் வராது, ஆனால் கடைசி 16 ஜிபி ஒற்றைச் சேனலில் ஓடும்.

ராணிப்பேட்டை_புதுசு:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ரெண்டு ஸ்டிக் இருந்துது, இன்னும் ரெண்டு போட்டதும் திரையே வரலை. ஃபேன் சுத்துது, மஞ்சள் லைட் எரியுது. ராம் செத்துப்போச்சா?

டைமிங்_வாலாஜா:

எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தீர்கள்? டிடிஆர்5-இல் ராமை மாற்றிய பிறகு முதல் பூட்டில் மெமரி டிரெய்னிங் நடக்கும், நான்கு ஸ்டிக் என்றால் பல நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும். மஞ்சள் லைட் அப்போது எரிவது இயல்பு. கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ரைசன் 7000-க்கு நான்கு ஸ்டிக்கில் ஏஎம்டி சொல்லும் வேகம் 3600 மட்டுமே. இரண்டு ஸ்டிக்கில் 6000 ஓடியது என்று அதே புரொஃபைலை வைத்திருந்தால் டிரெய்னிங் தோற்றுக்கொண்டே இருக்கும். சிமோஸைக் கிளியர் செய்துவிட்டு விடுங்கள். டிடிஆர்5 வாங்குகிறவர்கள் முதலிலேயே இரண்டு ஸ்டிக்கில் தேவையான அளவை வாங்கிவிடுவது நல்லது, பிறகு சேர்க்கலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

குடியாத்தம்_சர்வீஸ்:

எடிட்டருக்கு ஒரு விஷயம். செட்டிங் போட்டுட்டு ராத்திரி மட்டும் டெஸ்ட் ஓட்டாதீங்க. கத்திரி வெயில்ல நம்ம ஊர்ல வெளிய 40 தாண்டுது. ஓட்டு வீடு, ஷீட் போட்ட மாடி ரூம்னா மத்தியானம் உள்ள இன்னும் மோசம். சிப் சூடாக சூடாக கெப்பாசிட்டர்ல இருக்கிற சார்ஜ் சீக்கிரம் கசியும். அதனாலதான் 85 டிகிரிக்கு மேல போனா ரிஃப்ரெஷ்ஷை ரெட்டிப்பாக்கணும்னு டிடிஆர்4 விதியே இருக்கு. டைமிங் இறுக்கமா இருந்தா அதுக்கு ரொம்ப முன்னாடியே எரர் வரும். ராத்திரி சுத்தமா வந்துட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெண்டர்ல விழுற கேஸ் இதுதான்.

அதனால மெம்டெஸ்ட் சுத்தமா வந்த பிறகு, மத்தியானத்துல விண்டோஸுக்குள்ள ஓசிசிடி மெமரி டெஸ்ட் இல்ல பிரைம்95 லார்ஜ் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்க. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், ரெண்டர் ஓடும்போது அதோட சூடும் ராம் மேல அடிக்கும். நாலு ஸ்டிக் பக்கத்துல பக்கத்துல நின்னா நடுவுல காத்து போகாது. முன்னாடி ஃபேன்ல தூசி அடைச்சிருக்கானு பாருங்க, பின்னாடி ஒரு ஃபேன் காத்தை வெளிய தள்ளணும்.

மெம்டெஸ்ட்86-ல 13-வது டெஸ்ட்ல மட்டும் எரர் வந்து மத்தது எல்லாம் சுத்தம்னா அது ரோ ஹேமர். பக்கத்து வரிசையை வேணும்னே விடாம தட்டிப் பார்க்கிற சோதனை அது. சாதாரண வேலையில அப்படி நடக்காது, அதை வெச்சு ஸ்டிக்கை மாத்த வேண்டாம்.

எடிட்டர்_ஆற்காடு:

2933, 22-22-22-52, டிஆர்எஃப்சி 808, 1.25 வோல்ட்ல மெம்டெஸ்ட் நாலு பாஸும் சுத்தம். மத்தியானம் ஓசிசிடி ஓட்டினதுலயும் எரர் இல்லை, ரெண்டர் முழுசா முடிஞ்சுது. ரெண்டு கேள்வி. இடைப்பட்ட நாள்ல கெட்டுப்போன ஃபைல் எது, எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாலையும் வெச்சுக்கிறது நல்லதா, இல்ல பழசை எடுத்துட்டு 32-ஓட இருக்கலாமா?

கோட்டை_ஹார்டுவேர்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். பெரிய புராஜெக்டைத் திறந்து, வழக்கமாகக் கூடவே திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்து, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் கமிட்டட் எண்ணைப் பாருங்கள். ரெண்டர் ஓடும்போதும் 28 ஜிபி தாண்டவில்லை என்றால் பழைய ஜோடியைக் கழற்றிவிட்டு, புதிய ஜோடியை அதன் சொந்த 3200-இல் ஓட்டுங்கள். கையால் எதுவும் போட வேண்டாம், சூடும் குறையும். நாளைக்கு பயாஸ் டிஃபால்டுக்குப் போய் யாராவது எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் பழைய தொல்லை திரும்பும் என்ற கவலையும் இல்லை. 35, 40 என்று போகிறது என்றால் நான்கும் இருக்கட்டும். வீடியோ எடிட்டிங்கில் ராம் போதாமல் எஸ்எஸ்டிக்கு வழிவதால் வரும் மந்தம், 3200-க்கும் 2933-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது. பயாஸ் திரைகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல்களுக்கு வருவோம். முதலில் விண்டோஸ். ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுன் கொடுத்து ஆன் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக கெர்னலின் பழைய நிலையே டிஸ்கிலிருந்து திரும்ப ஏறும். அதனால் ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ட்டில் டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த், அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்னவ். வரிசை மாறக் கூடாது, எஸ்எஃப்சி கெட்ட ஃபைலை மாற்ற எடுக்கும் மூலத்தை டிஸ்ம்தான் சரிபார்த்து வைக்கிறது. எஸ்எஃப்சி சரிசெய்தேன் என்று சொன்னால் இன்னொரு முறை ஓட்டுங்கள், எதுவும் இல்லை என்று வரும்வரை. இந்த இடைப்பட்ட நாளில் இன்ஸ்டால் செய்த சாஃப்ட்வேர், கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டையும் நீக்கிவிட்டுப் புதிதாக டவுன்லோடு செய்து போடுங்கள். பழைய இன்ஸ்டாலர் ஃபைலைப் பயன்படுத்தாதீர்கள், அதுவே கெட்டிருக்கலாம்.

கேமரா கார்டுகளை ஃபார்மெட் செய்யாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் காட்சிகளைச் சரிபார்ப்பது எளிது. செவன்-ஜிப் போட்டிருந்தால் ஃபைலில் வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) எடுக்கலாம். கார்டில் உள்ள ஃபைலுக்கும் டிஸ்கில் உள்ள நகலுக்கும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த நகலை அழித்துவிட்டு கார்டிலிருந்து மறுபடி எடுங்கள். ஃபைல் அளவு ஒன்றாக இருப்பதை நம்பாதீர்கள், ஒரு பிட் புரண்டால் அளவு மாறாது. வீடியோ பிளேயரில் ஓடுகிறதே என்றும் விட்டுவிட வேண்டாம், நடுவில் ஒரு ஃபிரேமில் பச்சைக் கட்டம் வந்து போவது கண்ணில் படாமலே போகலாம். கல்யாண வீட்டில் பத்தாவது நாள் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

அந்த நாட்களில் ரெண்டர் செய்து முடித்த ஃபைல்களை ஒப்பிட மூலம் கிடையாது. அவற்றை மறுபடி ரெண்டர் செய்வதுதான் வழி. புராஜெக்ட் ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், புதிய ராம் போட்ட தேதிக்கு முந்தைய ஆட்டோ சேவ் நகலிலிருந்து தொடங்குங்கள். ஜிப்களுக்கு செவன்-ஜிப்பிலேயே டெஸ்ட் ஆர்க்கைவ் இருக்கிறது, இரண்டு முறை ஓட்டி இரண்டிலும் எரர் வந்தால் அந்த ஜிப் டிஸ்கிலேயே கெட்டது.

பயாஸ் அப்டேட் செய்ய நினைத்தால் இனி செய்யலாம், ஆனால் அதற்கு முன் லோட் டிஃபால்ட்ஸ் கொடுங்கள், பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். இணையம் வழியாக நேரடியாக அப்டேட் செய்ய வேண்டாம், ஃபைலைப் பென் டிரைவில் வைத்து பயாஸ் திரையிலிருந்தே போடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்புற ஸ்விட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் கரண்ட் போய் மாறுகிற அந்தக் கண நேரத்திலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அப்டேட் முடிந்ததும் கையால் போட்ட எண்கள் அழிந்திருக்கும். போட்டோவைப் பார்த்து மறுபடி போட்டு, மெம்டெஸ்ட்டையும் மறுபடி ஓட்டுங்கள்.

குடியாத்தம்_சர்வீஸ்:

பழைய ஜோடியை எடுக்கிறதா இருந்தா வெறும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி டிராயர்ல போடாதீங்க. புதுசு வந்த ஆன்டி ஸ்டேடிக் பாக்கெட் இருக்கும், அதுல போடுங்க. ரெண்டையும் ஜோடியாவே வெச்சிருங்க, பிரிச்சு விக்காதீங்க. புது ஸ்டிக் மேல இருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் பிய்க்கக் கூடாது, பில்லையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. தெர்மல் பில்லு, ஒரு வெயில் காலம் போனா எழுத்தே இருக்காது. வாரண்டி கேட்டுப் போனா முதல்ல கேக்கிறது இந்த ரெண்டும்தான்.